கணக்குப்பிள்ளையின் நெற்றி

அந்த வருட ஆயுத பூஜைக்கு எங்கள் ஆலையில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பொரி வாங்கினார்கள். பக்தி பெருகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பூஜை முடிந்த மறுவாரம் பாக்கெட் பிரிவை இழுத்து மூடப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைசிப் பூஜையையாவது குறையில்லாமல் கும்பிட்டுவிட்டுப் போவோம் என்று அந்தப் பிரிவின் பெண்கள் முடிவு செய்திருந்தார்கள்.

நான் பெனிட்டா. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் இருக்கும் அலைவாய் ஆயில்ஸின் ஆய்வகத் தலைமை என் பொறுப்பு. கப்பலில் சிவப்பாக வந்து இறங்கும் கச்சாப் பாமாயிலைச் சுத்தம் செய்து, பொன்னிறமாக்கி, மூன்று மாவட்டத்து ரேஷன் கடைகளுக்குப் பாக்கெட் போட்டு அனுப்புவது எங்கள் வேலை. வரிசையில் நின்று வாங்கும்போது ஓரத்தில் கொஞ்சம் ஒழுகுமே, அதே பாக்கெட்தான். ஒழுகுவதற்கு நான் பொறுப்பில்லை.

எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது அதிலுள்ள அமிலம் ஆவியாகப் பிரியும். குளிர்ந்தால் வெண்ணெய்போல் உறையும். ஆலையில் அதற்கு 'ஃபேட்டி' என்று பெயர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சோப்புக் கம்பெனிக்காரர்கள் வந்து, முகத்தைச் சுளித்து, பேரம் பேசி அள்ளிக்கொண்டு போவார்கள். அவர்கள் வராத வாரத்தில் அதை எங்கே வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

பிறகு விமானங்கள் தாவர எண்ணெயில் பறக்கத் தொடங்கின. சாப்பிடும் எண்ணெயை விமானத்துக்கு ஊற்றக் கூடாது, கழிவிலிருந்து எடுத்த எண்ணெயை மட்டுமே ஊற்றலாம் என்று வெளிநாடுகளில் சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம்தான். ஃபேட்டி கழிவுப் பட்டியலில் சேர்ந்தது. உலகம் முழுக்க அதற்கு அடிதடி. விலை ஏறி, ஏறி, ஒருநாள் எண்ணெயின் விலையையே தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டது.

அதே காலத்தில் கப்பலில் வரும் கச்சா எண்ணெயும் மட்டமாகிக்கொண்டே வந்தது. துறைமுகத்தில் சோதித்தால் அமிலம் குறைவு என்பார்கள். எங்கள் தொட்டியிலிருந்து ஆலைக்குள் வரும்போது பார்த்தால் பல மடங்கு. சோதிக்கிறவனுக்குக் கப்பல்காரன் லஞ்சம் கொடுக்கிறான் என்று முதலாளி செந்தூர்பாண்டி கத்தினார். விற்பவரை மாற்றினோம். பயனில்லை. கப்பல்காரனைத் திட்டாமல் எங்களுக்கு ஒரு நாளும் விடியவில்லை. அமிலம் கூடினால் ஃபேட்டி கூடும், எண்ணெய் குறையும். ரேஷன் பாக்கெட் பாதியாகக் குறைந்தது. "கெட்ட சரக்கு வச்சுக்கிட்டு எதுக்கு பாக்கெட் லைன்? மொத்தத்தையும் ஃபேட்டிக்கே மாத்திருவோம்" என்றார் முதலாளி. பாக்கெட் பிரிவில் வேலை பார்த்த அத்தனை பெண்களுக்கும் அதோடு கதை முடிந்தது.

ஆலையை நடத்துவது மனிதர்களில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த ஓர் இயந்திர மூளை. எந்தத் தொட்டியை எவ்வளவு சூடாக்குவது, எந்த வால்வை எப்போது திறப்பது எல்லாம் அதன் முடிவு. தொழிலாளர்கள் அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயர் வைத்தார்கள். ஒலிபெருக்கியில் வானொலிச் செய்திபோல் சுத்தத் தமிழ் பேசும். கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டால் வாயைத் திறக்காது. இந்தக் குணம் கொஞ்சம் என் வீட்டுக்காரருக்கும் வந்தால் நன்றாயிருக்கும் என்று நான் நினைத்ததுண்டு.

பூஜை நாளில் ஆலையை நிறுத்திக் கழுவி, இயந்திரங்களின் மூடிகளையெல்லாம் திறந்து துடைத்தார்கள். பாக்கெட் பிரிவின் தலைவி இசக்கியம்மாள் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகச் சுற்றி வந்தாள். மோட்டார், பம்ப், எடைமேடை, தீயணைப்பு வாளி, எதையும் விடவில்லை.

"மேடம், நீங்க வேதக்காரவ. ஒங்க மைக்ராஸ்கோப்புக்கு வைக்கலாமா, கூடாதா?"

"வைங்கக்கா. அதுக்கு மதம் கெடையாது."

"கணக்குப்பிள்ளைக்கும் வச்சிருதேன். எங்க சோத்துல மண்ணள்ளிப் போடப்போவுது. இருந்தாலும் நல்ல நாளும் அதுவுமா அத மட்டும் விட்டா நல்லாயிருக்காதுல்லா."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. நான் பொரியை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து ஆலையை ஓட்டினார்கள். மத்தியானம் ஆய்வகத்துக்கு வந்த எண்ணெயைப் பார்த்து, மாதிரி மாறி வந்துவிட்டதோ என்று நினைத்தேன். கண்ணாடிக் குடுவைக்குப் பின்னால் என் விரல் ரேகை தெரிந்தது. இரண்டு வருடமாக நான் பார்க்காத எண்ணெய். பாக்கெட் பிரிவில் இயந்திரம் நிற்காமல் பீய்ச்சியது. பெண்கள் ஓடி ஓடிப் பெட்டி கட்டினார்கள். ஃபேட்டித் தொட்டியில் மட்டும் அடி தெரிந்தது.

சாயங்காலம் செந்தூர்பாண்டி மூச்சிரைக்க வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் கைபேசி.

"ஃபேட்டி எங்க மேடம்? வாங்குறவன் அடுத்த வாரம் ஆளனுப்புறான், கப்பல் வேற வருது. தொட்டி காலியா கெடக்கு!"

"கச்சா நல்லா வந்திருக்கு சார். அமிலம் இல்ல. அமிலம் இல்லைன்னா ஃபேட்டி ஏது?"

"அதெப்படி? போன வாரம் எறக்குன அதே கப்பல் சரக்குதானே?"

நல்ல கேள்வி. தொட்டியிலிருந்து ஆலைக்குப் போகும் குழாயில் ஒரு சிறு கண்ணாடி உண்டு. அதன் வழியாக ஒளியைப் பாய்ச்சித்தான் கணக்குப்பிள்ளை எண்ணெயின் அமிலத்தை அறியும். அதுதான் அதன் கண். இருவரும் போய் மூடியைத் திறந்தோம். கண்ணாடியின் நட்ட நடுவில், சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்து, வட்டமாக ஒரு பொட்டு.

"யாரு வச்சது இது?" முதலாளியின் சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

இசக்கியம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நாந்தான் மொதலாளி. நெத்தின்னு நெனச்சு வச்சேன். அது கண்ணாப் போச்சு."

பின்னால் பெண்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டார்கள்.

"ஒன்ன இப்பவே வேலைய விட்டு நிறுத்துறேன்!"

"அடுத்த வாரம் எங்க எல்லாரையும் நிறுத்தத்தான போறிய? எனக்கு மட்டும் அஞ்சாறு நாள் முந்தி. சரி மொதலாளி."

அவர் கருவிப் பிரிவுப் பையனை அழைத்து, பொட்டைத் துடைக்கச் சொன்னார். அவன் துணியை எடுத்தான். பொட்டைப் பார்த்தான். துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

"விஜயதசமி அன்னைக்கு எப்படி சார்? எனக்கு தை மாசம் கல்யாணம்."

வேறொருவரை அழைத்தார். தன் மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அவரும் பின்வாங்கினார். "பூசைல வச்ச பொட்ட நாமளா அழிக்கக் கூடாது மொதலாளி. தன்னால உதிரணும்" என்றாள் இசக்கியம்மாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வேதக்காரி, கிறிஸ்தவள், எனக்கென்ன. ஆனால் அந்த எண்ணெயை நான் பார்த்துவிட்டேன். ஆய்வகத்தில் வேலையிருக்கிறது என்று சொல்லி அசையாமல் நின்றேன்.

கடைசியில் முதலாளியே கைக்குட்டையை எடுத்தார். வருடம் தவறாமல் திருச்செந்தூருக்கு நடந்து போகிற மனிதர். பூஜையைத் தொடங்கி வைத்ததே அவருடைய அம்மாதான். கைக்குட்டை கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு அதைக் கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சென்னையிலேருந்து புதுக் கண்ணாடி வரட்டும். மாத்திக்கலாம். அதுவரைக்கும் யாரும் இந்த மூடியைத் தொறக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

அன்றைக்கு ஆலையில் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? ஆனாலும் அந்தக் கேள்வி மண்டையைக் குடைந்தது. அதே கப்பல், அதே சரக்கு. கண்ணை மறைத்தால் எண்ணெய் எப்படி நல்லதாகும்? நான் நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"கணக்குப்பிள்ளை, நேத்து வரைக்கும் கச்சா எண்ணெயைத் தொட்டியில என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

"அன்றாடம் ஆலைக்கு வேண்டிய அளவை மட்டும் பிரித்துச் சூடாக வைத்திருந்தேன். சிறிதளவு நீராவியும் செலுத்தினேன். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் எண்ணெய் உடைந்து அமிலமாகும். தேவையான அளவு அமிலம் சேர்ந்ததும் ஆலைக்கு அனுப்பினேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு?"

"இன்று காலையிலேயே அமிலம் மிக அதிகமாகத் தெரிந்தது. இதற்கு மேல் சூடாக்கத் தேவையில்லை என்று உடனே அனுப்பிவிட்டேன்."

பொட்டு ஒளியை மறைத்திருக்கிறது. அது அமிலம் என்று நினைத்திருக்கிறது. ஏற்கெனவே கெட்டுப்போய்விட்டது என்று நம்பியதால் கெடுக்காமல் விட்டிருக்கிறது. கப்பல்காரன் பாவம், எத்தனை திட்டு வாங்கினான்!

"நல்ல எண்ணெயை ஏன் கெடுத்த?"

"கெடுக்கவில்லை. வருமானத்தைக் கூட்டும்படி கட்டளை. ஃபேட்டியின் விலை எண்ணெயின் விலையைவிட அதிகம்."

"ரெண்டு வருஷமா இத ஏன் எங்ககிட்ட சொல்லல?"

"யாரும் கேட்கவில்லை."

நான் கோபக்காரி. இயந்திரத்திடம் கோபப்படுவது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் கத்தினேன். "இந்த எண்ணெயை யார் திங்கிறாங்கன்னு தெரியுமா ஒனக்கு? மாசத்துக்கு ஒரு பாக்கெட். அதுலதான் தாளிக்கணும், அப்பளம் பொரிக்கணும். அதையும் நீ பாதியாக்கி ஏரோப்ளேனுக்கு ஊத்தியிருக்க. இன்னும் கொஞ்ச நாள்ல தீபாவளி. மூணு மாவட்டத்துப் புள்ளைங்களும் முறுக்குக்கு வீட்டு வாசல்ல நிக்கும். அது தெரியுமா?"

"தெரியாது. யாரும் சொல்லவில்லை."

"இப்ப சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

உண்மை தெரிந்தால் மட்டும் போதாது. முதலாளி வியாபாரி. ஃபேட்டியை விடு என்றால் எதைப் பிடிக்க என்று கேட்பார். அவருக்குக் காட்ட என்னிடம் ஏதாவது வேண்டும். ஆய்வகத்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்பக்கம் எங்கள் மண்மேடு தெரிந்தது.

எண்ணெயின் நிறத்தை எடுக்க ஒருவகைக் களிமண்ணைப் பயன்படுத்துவோம். வேலை முடிந்ததும் கறுத்த பிண்ணாக்கு மாதிரி வெளியே வரும். அதைக் கொட்டிக் கொட்டிப் பனைமர உயரத்துக்கு மேடாகிவிட்டது. கோடை வந்தால் தானாகவே புகைந்து எரியும். தீயணைப்பு வண்டி வரும், நான் அறிக்கை எழுதுவேன், அடுத்த கோடையில் மறுபடியும் எரியும். அந்த மண் எரியவில்லை, அதற்குள் ஊறியிருந்த எண்ணெய்தான் எரிந்தது. மனிதன் நாக்கில் வைக்கமுடியாத, நூற்றுக்கு நூறு கழிவான எண்ணெய்.

அந்த வாரம் முழுக்க நானும் என் பிள்ளைகள் நால்வரும் மேட்டைக் குடைந்தோம். ஆய்வகத்துப் பிள்ளைகளைச் சொல்கிறேன். மேலே ஒரு குடம், நடுவில் ஒரு குடம், அடியில் ஒரு குடம் என்று எடுத்துப் பிரித்துப் பார்த்தோம். உடம்பெல்லாம் கருப்பு. வீட்டுக்குப் போனால் என் மகள் கிட்ட வரவில்லை. இதற்கிடையே புதுக் கண்ணாடி வரவில்லை, ஆலையிலிருந்து தெளிந்த எண்ணெய் நிற்காமல் வந்தது. போகிற போக்கில் ஒவ்வொருவரும் மூடிய கண்ணைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள்.

பாக்கெட் பிரிவை மூடும் உத்தரவில் கையெழுத்துப் போடவேண்டிய நாளன்று நான் முதலாளியின் அறைக்குப் போனேன். வெளியே மரத்தடியில் இசக்கியம்மாளும் அவள் ஆட்களும் நின்றிருந்தார்கள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்குப்பிள்ளையையும் சொல்ல வைத்தேன். செந்தூர்பாண்டியின் முகம் வெளிறியது. அவருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை என்பதை அப்போது புரிந்துகொண்டேன்.

பிறகு மெல்லக் கேட்டார். "இது வெளிய யாருக்கும் தெரியாதில்ல?"

"தெரியாது சார்."

"அப்ப இப்படியே போகட்டுமே மேடம். நாமளா கெடுக்கச் சொன்னோம்? லாபம் தானா வருது."

"ஒவ்வொரு கப்பலுக்கும் இது கழிவுதான்னு கையெழுத்துப் போடுறது நான். நல்ல எண்ணெயைக் கெடுத்து எடுத்தது கழிவு இல்ல. இனிமே போடமாட்டேன்."

"வேற ஆள் போடுவான்."

"போடட்டும். இந்த உண்மை தெரியறதுக்குக் கணக்குப்பிள்ளைகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும். வாங்குறவன் ஆள் நாளைக்கு வந்து கேக்கமாட்டான்னு என்ன நிச்சயம்? கேட்டா அது மறைக்காது சார். இப்பத்தான் பாத்தீங்க."

அவர் ஒலிபெருக்கியை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் பையிலிருந்து புட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். கன்னங்கரேலென்று, நாற்றம் பிடித்த எண்ணெய்.

"இது நம்ம மண்மேட்டுல எடுத்தது. கணக்குப்பிள்ளை, அந்த மேட்டுல எவ்வளவு இருக்கும்?"

"பெனிட்டா அவர்கள் எடுத்த மாதிரிகளின்படி மேட்டின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். விமான எரிபொருளுக்கு ஏற்றது. கழிவு என்பதில் எந்தச் சட்டத்திலும் ஐயமில்லை. பழைய நீராவிக் கொதிகலனைச் சற்று மாற்றினால் பிரித்துவிடலாம். கடந்த இரண்டு ஆண்டுகளில் ஃபேட்டியில் கூடுதலாக ஈட்டியதைவிட அதிகம் கிடைக்கும்."

"இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்று பாய்ந்தார் முதலாளி.

"யாரும் கேட்கவில்லை."

செந்தூர்பாண்டி எழுந்து ஜன்னலுக்குப் போனார். மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகு குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். திரும்பினால், சிரிக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

"வருஷா வருஷம் தண்ணிய ஊத்தி அணைச்சோமே மேடம்! ஃபயர் சர்வீஸ்காரனுக்கு டீ வேற வாங்கிக் குடுத்தோமே!"

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணக்குப்பிள்ளைக்குப் புதுக் கட்டளையைத் தன் வாயாலேயே சொன்னார்: தின்கிற எண்ணெயில் ஒரு சொட்டுக் குறையக் கூடாது, அதற்கப்புறம்தான் வருமானம். மூடும் உத்தரவை நான்காகக் கிழித்தார். நான் கதவைத் திறந்து இசக்கியம்மாளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். மரத்தடியிலிருந்து கிளம்பிய குலவைச் சத்தத்தில் துறைமுகத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. நான் அழுதேன். எனக்கு வெட்கமில்லை.

வாங்குகிறவர்களின் ஆள் வந்து மேட்டை அளந்து, முகர்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சம்மதித்தார். அந்தத் தீபாவளிக்கு ரேஷனில் முழு பாக்கெட் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் மேடு எரியவில்லை, எரிய அதில் ஒன்றுமில்லை. எந்தெந்த ஊர் ஆலைக்காரர்களெல்லாமோ தங்கள் மண்ணை லாரியில் ஏற்றி எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். தானாகச் சேரும் கொஞ்ச ஃபேட்டிக்குச் சோப்புக் கம்பெனிக்காரர்கள் மறுபடியும் பேரம் பேச வருகிறார்கள். இப்போது முகத்தைச் சுளிப்பது நாங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. முதலாளி உத்தரவைக் கிழித்த மறுநாள் சென்னையிலிருந்து புதுக் கண்ணாடி வந்தது. மூடியை நான்தான் திறந்தேன். கண்ணாடி பளிச்சென்றிருந்தது. பொட்டு இல்லை. குழாயின் சூட்டில் சந்தனம் காய்ந்து, கீழே பொடியாகக் கிடந்தது.

கட்டுப்பாட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"பொட்டு எப்ப உதிர்ந்துச்சு?"

"விஜயதசமிக்கு மறுநாள் காலையில்."

"அப்ப அன்னையிலிருந்து ஒனக்குக் கண்ணு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

"ஆம்."

"புதுக் கட்டளை நேத்துத்தான வந்துச்சு? அதுவரைக்கும் எண்ணெயை ஏன் சூடாக்கல? பொட்டு உதிர்ந்துட்டுன்னு ஏன் சொல்லல?"

கணக்குப்பிள்ளை எந்தக் கேள்விக்கும் யோசித்ததில்லை. அன்று யோசித்தது.

"உதிர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை. தீபாவளி வருகிறது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள்."

நான் வெளியே வந்தேன். வராந்தாவில் முதலாளி நின்றிருந்தார். பொட்டை யாராவது துடைத்துவிட்டார்களா, அல்லது தானாக உதிர்ந்ததா என்று கவலையோடு கேட்டார்.

"தன்னாலதான் சார். இப்ப, மூடியைத் தொறக்கும்போதுதான் உதிர்ந்துச்சு" என்றேன்.

இந்த வருடப் பூஜைக்குக் காலையிலேயே இசக்கியம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு ஆய்வகத்துக்கு வந்துவிட்டாள்.

"மேடம், போன தடவ மாதிரி ஆயிரக் கூடாது. கணக்குப்பிள்ளைக்கு நெத்தி எங்கன இருக்குன்னு நீங்களே காட்டிருங்க."

எனக்கும் தெரியவில்லை. "வாங்கக்கா, அதுகிட்டயே கேப்போம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.